கோசெபெர்யா கற்கப்பல்: கல்லறையா, நாட்காட்டியா?

கடற்காற்று (இழையைத் தொடங்கியவர்)

ஸ்வீடனின் தென்கோடி, ஸ்கோனே மாகாணம். அங்கே கோசெபெர்யா என்று ஒரு மீனவக் கிராமம். குட்டித் துறைமுகம், மீனைப் புகையில் வாட்டி விற்கும் கடை, கொஞ்சம் வீடுகள், அவ்வளவுதான் ஊர். ஆனால் மேலே குன்றின் உச்சியில் 59 கற்களைக் கப்பல் வடிவில் நட்டு வைத்திருக்கிறார்கள். அலேஸ் ஸ்டேனர் என்று பெயர். இணையத்தில் ஒருவர் வைக்கிங் கல்லறை என்கிறார், இன்னொருவர் சூரிய நாட்காட்டி என்கிறார், மூன்றாமவர் ஸ்வீடனின் ஸ்டோன்ஹெஞ்ச் என்று தலைப்புப் போட்டு முடித்துவிடுகிறார்.

தெரிய வேண்டியவை: அந்தக் குன்று எப்படி வந்தது, கற்களின் வயதை எதை வைத்துச் சொல்கிறார்கள், சூரியன் வாதத்தில் எவ்வளவு சரக்கு இருக்கிறது, நேரில் போனால் எதைக் கவனிக்க வேண்டும். விவரம் தெரிந்தவர்கள் எழுதுங்கள். "பிரமிப்பாக இருக்கும்" வகைப் பதில்கள் வேண்டாம்.

மண்ணடுக்கு

நிலத்திலிருந்து ஆரம்பிக்கிறேன், கல் அப்புறம்.

ஈஸ்டாட் நகரிலிருந்து சாலை வழியாகக் கிழக்கே சுமார் 18 கி.மீ. 55°23′ வடக்கு, 14°03′ கிழக்கு. எதிரே பால்டிக் கடல். ஸ்கோனேயின் தென்கரையில் பெரும்பகுதி தாழ்ந்த மணற்கரை. கோசெபெர்யாவிலும் அதற்கு மேற்கே ஹம்மார்ஸ் பக்கார் மேடுகளிலும்தான் நிலம் கடலோரத்திலேயே செங்குத்தாக எழும்புகிறது. கற்கள் நிற்கும் இடம் கடல் மட்டத்திலிருந்து 32 மீட்டர்.

இந்த மேடு பாறை இல்லை. கடைசிப் பனியூழியில் பனிப்பாளம் தள்ளிக்கொண்டு வந்து விட்டுப்போன மணல், களிமண், கூழாங்கல், உருண்டைப் பாறைகள் எல்லாம் கலந்த குவியல். இதில் இரண்டு விஷயம் அடங்கியிருக்கிறது. ஒன்று, கல் வேண்டுமென்றால் வெட்டி எடுக்கத் தேவையில்லை, பனி கொண்டுவந்த பாறைகள் வயல்வெளியிலேயே கிடக்கும். இரண்டு, சரிவு உறுதியற்றது. மழைநீர் மணலில் இறங்கிக் களிமண் அடுக்கில் தட்டி நிற்கும், அந்த இடம் வழுக்கும், மேலே இருப்பது சரியும். அடிவாரத்தை அலை அரித்துக்கொண்டே இருப்பதால் சரிந்த மண் முட்டுக்கொடுத்து நிற்கவும் வழியில்லை. விளிம்பில் புல் பசுமையாகத்தான் இருக்கும், அதற்குக் கீழே மண் இருக்கிறதா என்பது மேலிருந்து தெரியாது.

அரிக்கப்பட்ட மணல் கரையோரமாகக் கிழக்கே நகர்ந்து சாண்ட்ஹம்மரன் பக்கம் சேர்கிறது. இடையில் இருக்கும் லோடெருப் கடற்கரை பல பத்தாண்டுகளாக இழந்துகொண்டே வருகிறது. ஈஸ்டாட் நகராட்சி 2011-இல் கடலடி மணல்திட்டிலிருந்து மணலை அள்ளிவந்து அங்கே கொட்டியது. கல்சுவர் கட்டினால் அந்த இடம் மட்டும் தப்பும், அடுத்த இடம் இரட்டிப்பாகத் தேயும். அதனால்தான் மணலையே போடுகிறார்கள். அதையும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை திரும்பச் செய்தாக வேண்டும்.

பால்டிக்கில் ஓதம் (கடல்மட்டம் நாள்தோறும் ஏறி இறங்குவது) என்பது கிட்டத்தட்ட இல்லை, சில சென்டிமீட்டர்தான். நீர்மட்டத்தை ஏற்றி இறக்குவது காற்றும் காற்றழுத்தமும். கிழக்குக் காற்று நாள்கணக்கில் அடித்தால் தண்ணீர் தென்மேற்கு மூலையில் குவியும். 1872 நவம்பர் 13 புயல்வெள்ளம் அப்படி வந்ததுதான், தெற்கு ஸ்கோனேயின் மீன்பிடித் துறைகளை அடித்து நொறுக்கியது.

கடற்காற்று

நன்றி @மண்ணடுக்கு. ஸ்வீடனில் நிலம் உயர்ந்துகொண்டே வருகிறது என்று படித்திருக்கிறேன். அப்படியானால் கற்களை நட்ட காலத்தில் கடல் இன்னும் உள்ளே இருந்திருக்குமா?

மண்ணடுக்கு

அது வடக்குக் கதை. பனிப்பாளம் வடக்கில்தான் மிகத் தடிமனாக இருந்தது. பாரம் நீங்கியதும் நிலம் மேலே வருகிறது. வடக்கே உயர்கரை என்ற கடலோரப் பகுதியில் இன்றும் ஆண்டுக்கு 8 மி.மீ. அளவில் எழும்புகிறது, பழைய கடற்கரைக் கோடு இப்போதைய மட்டத்துக்கு 286 மீட்டர் மேலே இருக்கிறது. மேற்குக் கரையில் தானும் பாறைச் செதுக்கல்கள் வெண்கலக் காலத்தில் நீர்விளிம்பை ஒட்டி இருந்தவை, இன்று வயலுக்கு நடுவே நிற்கின்றன.

தெற்கு ஸ்கோனேயில் இந்த எழுச்சி ஏறக்குறையச் சுழியம். கற்களை நட்டபோது கடல் மட்டம் இப்போதைய மட்டத்துக்கு அருகிலேயே இருந்தது. மாறியது விளிம்பு. 1,400 ஆண்டு அரிப்பைக் கணக்கில் எடுத்தால் சரிவின் நுனி அன்று இன்னும் கடல் பக்கம் தள்ளியே இருந்திருக்கும். "கடலுக்கு இத்தனை மீட்டர் தூரத்தில் கட்டினார்கள்" என்று இன்றைய தூரத்தை அளந்து முடிவு சொல்பவர்களை நம்ப வேண்டாம்.

தாழி

காலக்கணிப்புக்கு வருகிறேன்.

அளவு: நீளம் 67 மீட்டர், நடுவில் அகலம் 19 மீட்டர். ஸ்வீடனில் தப்பி நிற்கும் கற்கப்பல்களில் இதுதான் பெரியது. வெஸ்டெரோஸ் அருகே அனுண்ட்ஸ்ஹோகில் இருக்கும் இரண்டு பெரிய கற்கப்பல்கள் 50 மீட்டரைச் சற்றே தாண்டும். டென்மார்க்கின் யெல்லிங்கில் இருந்தது இவை எல்லாவற்றையும்விடப் பல மடங்கு நீளம், ஆனால் அங்கே எஞ்சியிருப்பது துண்டு துணுக்குதான்.

வைக்கிங் என்பது தவறு. வைக்கிங் காலம் சுமார் கி.பி. 800–1050. இது அதற்கு முந்தைய வெண்டல் காலம், அல்லது அதன் வாசல்.

சான்று எங்கிருந்து வருகிறது? 1989-இல் கப்பலுக்கு உள்ளே அகழ்ந்தார்கள். அலங்கரித்த ஒரு மண்பானை கிடைத்தது, உள்ளே எரிந்த மனித எலும்பு. பானைக்குள் இருந்த பொருளில் ஒரு பகுதி கி.பி. 330–540. பானையின் உட்சுவரில் ஒட்டியிருந்த கருகிய உணவுப் படிவு 540–650. இடம்பெயராத ஒரு கல்லின் அடியில் கிடைத்த பிர்ச் மரக்கரி, அதுவும் 540–650.

இந்த மூன்றில் எடை அதிகம் மரக்கரிக்குத்தான். பானையை யாரும் எப்போது வேண்டுமானாலும் கொண்டுவந்து புதைக்கலாம். உள்ளே இருக்கும் எலும்பு வேறொரு சிதையிலிருந்து பிற்பாடு பொறுக்கிப் போட்டதாகவும் இருக்கலாம். ஆனால் கல்லின் அடியில் கரி இருக்கிறது, கல் அசையவில்லை என்றால், கரி விழுந்த பிறகுதான் கல் வந்தது. பிர்ச் குறுகிய ஆயுள் மரம், நூறு ஆண்டு தாண்டுவதே அரிது. ஓக் கரியாக இருந்திருந்தால் மரத்தின் உள்வளையம் முந்நூறு ஆண்டு பழையதாக இருந்து கணக்கைக் கெடுத்திருக்கலாம். இங்கே அந்தத் தொல்லை குறைவு.

உணவுப் படிவிலும் ஒரு கண் வைக்க வேண்டும். பானையில் மீன் வேகவைத்திருந்தால் நீரிலிருந்த பழைய கரிமமும் சேர்ந்து வயதைக் கூட்டிக் காட்டும். மரக்கரியோடு ஒத்துப்போவதால் இங்கே அது பெரிய பிரச்சினையாகவில்லை.

மொத்தம் ஏழு ரேடியோ கார்பன் (கரிமத்தின் கதிரியக்கத் தேய்வை அளந்து வயது சொல்லும் முறை) முடிவுகள். ஆறு சுமார் 1,400 ஆண்டுகளுக்கு முன் என்று சேர்ந்து நிற்கின்றன. ஏழாவது 5,500 ஆண்டு. அந்த ஒற்றை முடிவைப் பிடித்துக்கொண்டுதான் "கப்பலே கற்காலத்தது" என்று சிலர் எழுதுகிறார்கள்.

கதிர்

தாழி அண்ணே, ஏழாவதை அப்படி ஒதுக்கிவிட முடியுமா? பல கற்களில் கிண்ணக்குழிகள் (கல்லில் கிண்ணம் போலச் செதுக்கிய சிறு பள்ளங்கள்) இருக்கின்றன. அவை வெண்கலக் காலப் பழக்கம் இல்லையா?

அதோடு கப்பலின் நீள அச்சு வடமேற்கு–தென்கிழக்கு. கோடைச் சங்கிராந்தியில் (ஆண்டின் மிக நீண்ட பகல்) சூரியன் வடமேற்கு முனைக்கல் பக்கம் மறைகிறது, குளிர்காலச் சங்கிராந்தியில் (மிகக் குறுகிய பகல்) தென்கிழக்கு முனைக்கல் பக்கம் உதிக்கிறது. தற்செயலாக இது அமையுமா?

தாழி

கிண்ணக்குழி உண்மை, கேள்வியும் நியாயமானது. ஆனால் குழியின் வயது கல்லைச் செதுக்கிய காலம், அந்த இடத்தில் நட்ட காலம் அல்ல. பழைய நினைவிடத்தைப் பிரித்து எடுத்த கல்லில் பழைய குழி இருக்கத்தான் செய்யும்.

அந்தப் பழைய நினைவிடம் எது என்பதற்கும் தடயம் இருக்கிறது. 2006-இல் மண்ணைத் தோண்டாமலே காந்தப்புலக் கருவியாலும் தரை ரேடாராலும் சுற்றுப்புறத்தைப் பார்த்தார்கள். கற்கப்பலிலிருந்து சுமார் 40 மீட்டர் தள்ளி, 165 மீட்டர் விட்டமுள்ள ஒரு வட்ட அமைப்பும் அதன் நடுவில் ஒரு செவ்வகமும் தெரிந்தன. 2012 அக்டோபரில் அங்கே சோதனைக் குழி போட்டபோது கற்கால கல்திட்டை (பெரிய கற்களை நிறுத்தி மேலே மூடுகல் வைத்த கல்லறை) ஒன்றின் எச்சம் உறுதியானது. பெரிய கற்கள் பெரும்பாலும் அங்கே இல்லை, யாரோ எடுத்துப் போயிருக்கிறார்கள். அகழ்வுக்குத் தலைமை தாங்கிய பெங்க்ட் சோடர்பெர்யின் கருத்து, அவைதான் கப்பலுக்குப் போயிருக்கலாம் என்பது.

ஆகவே 5,500 ஆண்டு முடிவை யாரும் ஒதுக்கவில்லை. அது குன்றின் பழைய பயன்பாட்டைச் சொல்கிறது, கப்பலின் வயதை அல்ல. சூரியக் கணக்கைக் கணக்கனிடம் விடுகிறேன்.

கணக்கன்

தொடுவானம் தட்டை என்று வைத்து எளிய வாய்பாடு: உதயத் திசைக்கோணத்தின் (வடக்கிலிருந்து கிழக்காக அளக்கும் கோணம்) கோசைன் = சூரியச் சாய்வின் (வான நடுக்கோட்டிலிருந்து சூரியன் விலகும் கோணம்) சைன் ÷ அட்சரேகையின் கோசைன். சாய்வு 23.44°, அட்சரேகை 55.38°. விடை 45.5°. அதாவது கோடை உதயம் நேர் வடகிழக்கு, கோடை அஸ்தமனம் 314.5°, குளிர்கால உதயம் 134.5°. இரண்டும் ஒரே கோட்டின் இரு முனைகள். இந்த அட்சரேகையில் வடமேற்கு–தென்கிழக்காக எதை நீட்டிப் போட்டாலும் இரண்டு சங்கிராந்தியும் தானாகவே கிடைத்துவிடும். கதிர் சொல்லும் பொருத்தம் பொய்யில்லை, ஆனால் ஒரு திசையைத் தேர்ந்தால் மற்றது இலவசம். இரண்டு சான்றாக எண்ணக்கூடாது.

இனி நுணுக்கம். வளிமண்டல ஒளிவிலகலால் சூரியன் உண்மையில் தொடுவானத்துக்குக் கீழே போன பிறகும் நமக்குத் தெரியும். மேல் விளிம்பு தொடுவானத்தைத் தொடும் கணத்தை எடுத்தால் கோடை அஸ்தமனம் 316.2°, குளிர்கால உதயம் 132.8°. எதிர்த்திசையில் திருப்பிப் பார்த்தால் 312.8°. வேறுபாடு 3.4°. இது நடைமுறையில் ஒரே நேர்கோட்டில் இரண்டும் துல்லியமாக விழாது என்று சொல்கிறது. தென்கிழக்கில் கடல், 32 மீட்டர் உயரத்திலிருந்து தொடுவானம் இன்னும் 0.17° தாழும். வடமேற்கில் நிலம், அங்கே மேடும் மரமும் எதிர்த்திசையில் இழுக்கும்.

கி.பி. 600-இல் பூமியின் அச்சுச் சாய்வு சுமார் 23.62°. அதனால் உதயப்புள்ளி இன்றையதைவிட 0.4° தள்ளி இருந்தது. இது சூரிய வட்டத்தின் முக்கால் பங்கு.

கல்லின் அகலம் என்ற பிரச்சினையும் உண்டு. கப்பலின் நடுவில் நின்றால் முனைக்கல் 33 மீட்டர் தூரம். கல்லின் அகலம் 70 செ.மீ. என்று வைத்தால் அது மறைக்கும் கோணம் 1.2°, சூரியனின் விட்டம் 0.53°. ஒரு கல்லுக்குப் பின்னால் இரண்டு சூரியன் ஒளிந்துகொள்ளலாம். சங்கிராந்தியை ஒட்டிச் சூரியன் உதிக்கும் இடம் அசைவதே இல்லை என்று சொல்லலாம்: ஐந்து நாள் முன்னும் பின்னும் 0.2°, பத்து நாளில் 0.8°. தலையை அரை மீட்டர் நகர்த்தினாலே கோணம் அதைவிட அதிகம் மாறும். ஒரு குறிப்பிட்ட நாளைச் சுட்டும் கருவியாக இது தேறாது. "அந்தப் பக்கம் நோக்கிக் கட்டுவோம்" என்ற நோக்கம் இருந்திருக்கலாம். அதற்கு மேல் கணக்கு இடம் தரவில்லை.

மண்ணடுக்கு

கணக்கன் சொல்லாமல் விட்ட ஒன்று: 1916-லும் 1956-லும் சீரமைப்பு நடந்திருக்கிறது. விழுந்து கிடந்தவற்றைத் தூக்கி நிறுத்தினார்கள். தூக்கியவர்கள் பழைய குழியைத்தான் கண்டுபிடித்தார்களா, சாய்வு அப்படியேதான் இருந்ததா என்று ஒவ்வொரு கல்லுக்கும் கேட்க வேண்டும். டிகிரியின் தசமப் புள்ளியில் வாதாடுபவர் முதலில் எந்தக் கல் நகரவில்லை என்று பட்டியல் கொடுக்கட்டும்.

கதிர்

ஒப்புக்கொள்கிறேன், ஆனால் முனைக்கற்கள் இரண்டும் மற்றவற்றைவிட உயரம், நிறமும் வேறு. வெளிர் நிறக் குவார்ட்சைட் மணற்கல். அந்த இரண்டையும் தனியாகத் தேர்ந்திருக்கிறார்கள் என்பதாவது நிற்கும் அல்லவா?

தாழி

நிற்கும். மாலை வெயிலில் தூரத்திலிருந்தே பிரித்துத் தெரியும். ஆனால் கப்பலுக்கு முன்முனையும் பின்முனையும் உயரமாக இருப்பது வழக்கம்தானே? கற்கப்பல் கட்டியவர்கள் பல இடங்களில் அப்படித்தான் செய்தார்கள். உயரமும் நிறமும் கப்பல் என்பதை அழுத்திச் சொல்கின்றன. சூரியனைச் சொல்லவேண்டிய கட்டாயம் அவற்றுக்கு இல்லை.

விகிதத்தையும் பாருங்கள். இது 67-க்கு 19, அதாவது 3.5-க்கு 1. நார்வேயில் கிடைத்த ஓஸேபெர்க் கப்பல் 21.5 மீட்டர் நீளம், 5.1 அகலம், விகிதம் 4.2. இங்கிலாந்தின் சட்டன் ஹூ கப்பல் ஏறத்தாழ இதே காலம், 27 மீட்டர், இன்னும் ஒடுங்கியது. அந்தக் காலத்தில் 67 மீட்டர்க் கப்பல் எங்கும் மிதக்கவில்லை. கடலிலிருந்து பார்ப்பவனுக்காகப் பெரிதாக்கி வரைந்த கப்பல் என்பதே என் கணிப்பு. குன்றின் நுனியைத் தேர்ந்ததற்கு இதைவிட எளிய காரணம் தேட வேண்டாம்.

புதுவரவு

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். கல்திட்டை, கல்வட்டம், தாழியில் எலும்பு எல்லாம் கேட்க நம் ஊர் ஈமச்சின்னங்கள் மாதிரியே இருக்கிறதே. தொடர்பு ஏதும் உண்டா?

தாழி

இல்லை தம்பி. கல்லை நட்டு இறந்தவரை நினைப்பது உலகத்தின் பல மூலைகளில் தனித்தனியாகத் தோன்றியது. பெயர்களை நாம் இரவல் வாங்கி எழுதுவதால் உறவு போலத் தெரிகிறது. கப்பல் வடிவம் பால்டிக், வட கடல் மக்களின் பழக்கம், வெண்கலக் காலத்திலேயே கோட்லாந்துத் தீவில் தொடங்கிவிடுகிறது. அங்கே நிஸ்வார்டில் இருக்கும் 47 மீட்டர்க் கற்கப்பல் இதைவிட ஆயிரம் ஆண்டுக்கு மேல் பழையது.

தச்சன்

எப்படி ஏற்றினார்கள் என்று யாரும் கேட்கவில்லை. தோராயக் கணக்கு ஒன்று போடுகிறேன்.

2.5 × 0.8 × 0.5 மீட்டர் கல் என்றால் 1 கன மீட்டர். கல்லின் அடர்த்தி 2.6. ஆகவே 2.6 டன். மரச்சறுக்கில் ஏற்றிக் கட்டி, உறைந்த தரையில் பனிமேல் இழுத்தால் உராய்வு எடையில் பத்தில் ஒரு பங்கு, 260 கிலோ இழுவிசை. சரிவு நூற்றுக்கு ஐந்து என்றால் இன்னும் 130 கிலோ. மொத்தம் 390. ஓர் ஆள் நின்று இழுக்கும் தொடர் விசை 20 முதல் 25 கிலோ. பதினாறிலிருந்து இருபது பேர் போதும், காளை இருந்தால் இன்னும் குறைவு. கோடையில் காய்ந்த புல்லில் என்றால் உராய்வு நான்கைந்து மடங்கு, அப்போது ஐம்பது அறுபது பேரும் உருளைக் கட்டையும் வேண்டும். வேலையைக் குளிர்காலத்துக்கு ஒதுக்குவதுதான் புத்தி.

நிறுத்துவது இழுப்பதைவிடச் சிக்கல். குழியின் ஒரு பக்கம் செங்குத்து, மறுபக்கம் சாய்தளம். கல்லின் அடி சாய்தளம் வழியே இறங்கிச் செங்குத்துச் சுவரில் முட்டும். பிறகு நெம்புகோலும் கயிறும், ஒவ்வொரு முறை உயர்த்தும்போதும் அடியில் கட்டை செருக வேண்டும். நின்றதும் சுற்றிலும் தலையளவு கற்களை இறுக்கித் திணித்து மண்ணைக் குத்த வேண்டும். மணல்தரையில் இந்தத் திணிப்பு சரியில்லாவிட்டால் உறைதலும் உருகுதலும் ஆண்டுதோறும் கல்லைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்க்கும். அதோடு மாடுகள் கல்லில் உடம்பைத் தேய்க்கும், அடிமண் மிதிபட்டுப் போகும். விழுந்த கற்களுக்கு மர்மக் காரணம் தேவையில்லை.

வழிப்போக்கன்

போகிறவர்களுக்கு.

மால்மோவிலிருந்து ஈஸ்டாட் வரை ரயில், சுமார் 50 நிமிடம். அங்கிருந்து பேருந்து, ஆனால் கோடைக்கு வெளியே சேவை மெலிந்துவிடும், திரும்பும் பேருந்தின் நேரத்தை முதலில் பார்த்துவிட்டு ஏறுங்கள். காரில் வருபவர்கள் கீழே கிராமத்து வாகன நிறுத்தத்தில் விட்டுவிட்டு முக்கால் கிலோமீட்டர் அளவுக்கு மேலே நடக்க வேண்டும். கற்களுக்கு நுழைவுக் கட்டணம் இல்லை, வேலியும் கதவும் பூட்டிக் கிடையாது, ஆண்டு முழுக்கப் போகலாம்.

காற்றுதான் முக்கியம். கீழே துறைமுகத்தில் சட்டையோடு நிற்கலாம், மேலே போனால் தென்மேற்குக் காற்று சரிவில் மோதி மேலெழும்பும். அதே காற்றை நம்பித்தான் பாராகிளைடர் ஆட்கள் அங்கே குவிகிறார்கள். ஜூலையிலும் காற்றுத்தடுப்பு மேலாடை வேண்டும். ஈர நாளில் புல்சரிவு வழுக்கும், ரப்பர் அடிப்பாகம் தேய்ந்த செருப்போடு கடற்பக்கச் சரிவில் இறங்க வேண்டாம். விளிம்பிலிருந்து சில மீட்டர் உள்ளேயே நில்லுங்கள், காரணத்தை மேலே மண்ணடுக்கு எழுதிவிட்டார்.

மேய்ச்சல் மாடுகள் இருக்கும். அவை இருப்பது அழகுக்காக இல்லை, மேய்ச்சல் நின்றால் வறண்ட மணற்புல்வெளி புதராகிவிடும், அதற்கே உரிய செடிகள் போய்விடும். கன்றோடு நிற்கும் பசுவைச் சுற்றிப் போங்கள், கேட்டைத் திறந்தால் மூடுங்கள், நாய் கயிற்றில் இருக்கட்டும்.

சட்டம்: ஸ்வீடனில் 1850-க்கு முந்தைய நிலைத்த தொல்லெச்சம் எதுவானாலும் தானாகவே பாதுகாப்பில் வந்துவிடும், யாரும் அறிவிக்கத் தேவையில்லை. சுற்றியுள்ள நிலமும் சேர்த்தி. எங்கும் நடக்கும் பொதுவுரிமை இருக்கிறதே என்று கல்லில் ஏறுவது, கூழாங்கல் அடுக்குவது, தீ மூட்டுவது கூடாது. மெட்டல் டிடெக்டர் எடுத்துப் போவதற்கு மாவட்ட நிர்வாகத்தின் முன் அனுமதி கட்டாயம், இது நாடு முழுக்கப் பொருந்தும். பயணப்பையில் வைத்துக்கொண்டு "பார்க்கத்தான் வந்தேன்" என்றால் எடுபடாது.

எந்த மேடு தொல்லெச்சம் என்று தெரிய வேண்டுமானால் ஸ்வீடனின் தேசிய மரபுரிமை வாரியத்தின் ஃபோர்ன்சோக் இணையத் தேடலில் ஊர்ப்பெயரை அடித்தால் வரைபடத்தோடு வந்துவிடும். காகித வரைபடத்தில் ரூன் எழுத்துப் போன்ற சிறு குறி இருந்தால் அங்கே ஏதோ இருக்கிறது என்று பொருள்.

கடற்காற்று

அருமை. அக்கம்பக்கத்தில் வேறு என்ன பார்க்கலாம்? ஒரே நாளில் முடியுமா?

வழிப்போக்கன்

கார் இருந்தால் முடியும். கிழக்குக் கரை வழியாக வடக்கே போங்கள். சிம்ரிஸ்ஹாம்ன் பக்கம் யெரஸ்டாடிலும் சிம்ரிஸிலும் வெண்கலக் காலப் பாறைச் செதுக்கல்கள், மழை நனைத்த பிறகோ சாய்ந்த வெயிலிலோ மட்டுமே சரியாகத் தெரியும். நட்டநடு மதியம் போனால் வெறும் பாறைதான். அடுத்து ஷீவிக்: 75 மீட்டர் விட்டமுள்ள கற்குவை, உள்ளே செதுக்கிய பலகைக் கற்களோடு ஓர் அறை.

தாழி

ஷீவிக்கில் ஓர் எச்சரிக்கை. 1748-இல் அது கல் எடுக்கும் குவாரியாக இருந்தபோதுதான் அறை வெளிப்பட்டது. அதற்கு முன்னும் பின்னும் கல் போய்க்கொண்டே இருந்தது. இப்போது நீங்கள் நுழையும் வாசலும் மேற்கூரையும் 1931–33 அகழ்வுக்குப் பிறகு கட்டிய சீரமைப்பு. பலகைகளின் செதுக்கல் பழையது, குவியலின் வடிவம் புதியது.

இன்னும் வடக்கே ஹாவெங் கல்திட்டை. 1843-இல் ஒரு புயல் மணலை வாரிக்கொண்டு போனபோது வெளியே வந்தது. கோசெபெர்யாவில் காணாமல் போன கல்திட்டை எப்படி இருந்திருக்கும் என்று ஊகிக்க ஆசையிருந்தால் அங்கே போங்கள், மூடுகல் இன்னும் மேலே இருக்கிறது.

கதிர்

கடைசியாக ஒன்று. ஜூன் 21 அன்று நேரில் நின்று அச்சை அளந்து பார்க்க நினைப்பவர்கள் எந்தக் கருவியை எடுத்துப் போகலாம்? கைப்பேசித் திசைகாட்டி போதுமா?

கணக்கன்

போதாது. கைப்பேசி ஐந்து டிகிரி பிழை காட்டினால் அதிசயமில்லை, காந்த மூடி உள்ள உறையில் இருந்தால் இன்னும் மோசம். கையில் பிடிக்கும் நல்ல திசைகாட்டி என்றாலும் அங்கே காந்த வடக்கு உண்மை வடக்கிலிருந்து சுமார் 5° கிழக்கே விலகியிருக்கிறது, கூட்ட மறக்கக்கூடாது. ஸ்வீடன் வரைபடத்தின் கட்டக்கோட்டை நம்பினால் அதுவும் உண்மை வடக்கிலிருந்து 0.8° வேறு.

சரியான வழி சூரியனையே அளவுகோலாக வைப்பது. முக்காலியில் கோணமானி, அதை முனைக்கல்லின் மையத்துக்கு நேராக்கிச் சுழியமாக்குங்கள். பிறகு வெயில் நேரத்தில், சூரியத் தடுப்புக் கண்ணாடி போட்டு, ஒரு துல்லிய நொடியில் சூரியனின் கோணத்தை எடுங்கள். அந்த நொடியின் உண்மைத் திசைக்கோணத்தை வானியல் அட்டவணை தரும், கழித்தால் அச்சின் திசை வந்துவிடும். கல்லின் இடது விளிம்பு, வலது விளிம்பு இரண்டையும் தனித்தனியாக எடுத்துச் சராசரி போடுங்கள், சாய்ந்த கல்லுக்கு அடியையும் நுனியையும் தனியாகக் குறியுங்கள். முக்காலியைக் கப்பலின் நடுவில் எங்கே வைத்தீர்கள் என்பதையும் நாடாவால் அளந்து எழுத வேண்டும், அது இல்லாத அளவீடு யாருக்கும் உதவாது.

நேரங்கள்: ஜூன் 21 உதயம் காலை 4.22, மறைவு இரவு 9.50, பகல் பதினேழரை மணி. டிசம்பர் 21 உதயம் 8.29, மறைவு பிற்பகல் 3.35. தட்டையான தொடுவானத்துக்கான கணக்கு இது, ஓரிரு நிமிடம் முன்பின் இருக்கும். டிசம்பர்தான் அளக்க நல்லது: தென்கிழக்கே தடையில்லாத கடல், கூட்டமும் இல்லை. மேகம் மட்டும் ஒத்துழைக்க வேண்டும்.